எழுவைதீவுக்கு வந்த பிரெஞ்சுப் படை

யூன் 9, திங்கள்

பதினோராம் வகுப்புச் சரித்திரத் தாள்களைத் திருத்தி முடித்தேன். "பிரித்தானியாவுக்கு எதிரான சுதந்திரப் போரில் அமெரிக்கக் குடியேற்றக்காரருக்குப் படை உதவி செய்த நாடு எது?" பிரான்ஸ் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒருத்தி கனடா என்று எழுதியிருக்கிறாள். ஒருத்தன் இந்தியா. இன்னொருத்தன், மாதாவே, "எமது நாடு". எங்கள் இந்தச் சின்ன எழுவைதீவிலிருந்து யார் வள்ளம் எடுத்துக்கொண்டு போய் வோசிங்டனுக்குக் கைகொடுத்தார்களோ! சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் தாளில் ஊற்றுப்பட்டுவிட்டது.

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஜோர்ஜ் தலையை நிமிர்த்தி, "பிள்ளையள் பிழை விட்டதுக்கு உவ்வளவு சந்தோசமோ உமக்கு?" என்றார்.

"பின்னை, அழவோ?"

யோசித்துப் பார்த்தால் அழத்தான் வேண்டும். திரும்பத் திரும்பப் படிப்பித்த பாடம். இதே பிள்ளைகள் கூத்துப் பாட்டென்றால் ஒரு சொல் பிசகாமல் பாடுவார்கள். அப்படியென்றால் பாட்டாகவே எழுதிக் கொடுத்தால் என்ன?

யூன் 12

எழுதினேன். முழுச் சண்டையையும் ஒரு கூத்தாகவே. குசினியில் சோறு அடிப்பிடித்தது. அதற்கும் எழும்பாமல் எழுதினேன். பிரெஞ்சுக் கப்பல்கள் செசபீக் குடாவின் வாயை அடைத்து, யோக்டவுன் என்ற ஊரில் ஆங்கிலத் தளபதி கோண்வாலிசை வெளியே விடாமல் மறித்த இடம் இது:

வாசல் அடைத்தோமே – குடா
வாசல் அடைத்தோமே – களங்
கண்ணியில் மீனெனக் கோண்வாலிஸ் துள்ளிட
வாசல் அடைத்தோமே!

கடலுக்குள் தடி நட்டு வலை கட்டி, உள்ளே வந்த மீனைத் திரும்பவிடாமல் பிடிப்பதுதான் களங்கண்ணி. அது தெரியாத பிள்ளை இந்தத் தீவில் இல்லை. இனி யோக்டவுன் மறக்காது.

ஜோர்ஜ் அடிப்பிடித்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "பிரெஞ்சுக்காரன் வந்தால் எங்களுக்குப் பட்டினிதான்," என்றார்.

யூன் 20

இன்று பின்னேரம் கரையில் வள்ளம் இழுக்கிறவர்கள் "ஏலேலோ" போடவில்லை. "வாசல் அடைத்தோமே" என்று பாடி இழுக்கிறார்கள்! பிள்ளைகள் வீட்டில் பாடப் பாடத் தகப்பன்மாருக்கும் பாடமாகிவிட்டதாம். வாத்தியார் வேலையில் இப்படியொரு சந்தோசம் எனக்கு இதுவரை வந்ததில்லை. துள்ளாத குறையாக வீட்டுக்கு வந்தேன்.

யூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம். இந்த வருடப் பெருநாளுக்கு ரீச்சரின் அமெரிக்கக் கூத்தைப் போடுவது என்று முடிவு. எல்லாருக்கும் சம்மதம். பங்குச் சுவாமி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். விடிய விடிய ஆட ஏலாது, பின்னேரம் தொடங்கி இருட்டுக்கு முன் மங்களம் பாட வேண்டும்.

பிறகு பெருநாள் சபைத் தலைவர் கேட்டார். "அண்ணாவியார் ஆர்?"

கூத்தைப் பழக்கி மேடையேற்றுகிறவர்தான் அண்ணாவியார். நான் "நான்" என்றேன். வேறு யாரைச் சொல்வேன்? எழுதியது நான். பழக்கப்போவது நான். சின்ன வயதிலிருந்து கூத்து மேடைக்குப் பின்னால் நின்று தாளம் போட்டவள்.

ஒருவர் இருமினார். ஒருவர் செருப்பைப் பார்த்தார். தலைவர் மெதுவாகச் சொன்னார். "அதில்லை ரீச்சர். ஆடப்போற பெடியள் அண்ணாவியாற்றை காலைத் தொட்டிட்டுத்தான் மேடை ஏறுறது. கடைசியிலை மாலையும் அவருக்குத்தான். ஒரு பொம்பிளையின்ர காலைத் தொட்டு..."

சுவாமி, "பாப்பம், பாப்பம்," என்றார்.

என்னத்தைப் பாக்கிறது? நான் என்ன காலில் சேறோடையோ வந்தனான்? கத்தரிக்காய்க் கறிக்கு உப்புப் போட மறந்துபோனேன். அவ்வளவு கோவம்.

யூன் 29, ஞாயிறு

ஆட்கள் தெரிவு. பெரிய பகிடி.

கோண்வாலிசாக ஆட ஒருவரும் இல்லை. எங்கள் ஊரில் கூத்தில் ஆடியவனுக்கு அந்தப் பெயர் சாகும் வரைக்கும் ஒட்டும். எப்போதோ கொடிய ராசா ஏரோதுவாக ஆடின மனிதரின் பேரப்பிள்ளைகளை இன்றைக்கும் "ஏரோதுவின்ர பெடியள்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சரணடைந்தவன் என்ற பெயரை யார் தலையில் போடுவது?

நான் சொன்னேன், கோண்வாலிஸ் சரணடைய வரவேயில்லை, உடம்புக்கு வருத்தம் என்று சொல்லிப் படுத்துவிட்டு உதவித் தளபதியிடம் வாளைக் கொடுத்து அனுப்பினவர் என்று. உடனே என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். "படுத்துக் கிடக்கிற பாட் எண்டால் நான் ஆடுறன்." கைதட்டல். உதவித் தளபதியாக நிசாந்தன். அவனுக்கு எந்தப் பெயர் ஒட்டினாலும் கவலையில்லையாம், ஏற்கெனவே அவனை எல்லாரும் "சுண்டெலி" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மிரோஜன் வோசிங்டன். உயரம் இருக்கிறது, குரல் இருக்கிறது, மூளை கொஞ்சம் குறைவு. "எனக்கு முடி எங்கை?" என்றான்.

"முடி இல்லை மிரோஜன். ராசா வேண்டாம் எண்டுதானே அவை சண்டை பிடிச்சவை."

"முடி இல்லாமல் வாறதெண்டால் நான் என்ன கட்டியகாரனோ?"

கட்டியகாரன் என்பவன் ராசா வருகிறார் என்று முன்னால் வந்து கத்திவிட்டுப் போகிறவன். மிரோஜன் அழாக் குறை. கடைசியில் பிலோமினம்மாதான் சமாதானம் செய்தா. உடுப்புத் தைப்பது அவதான். "தொப்பியிலை கண்ணாடித் துண்டு வைச்சுத் தைச்சுத் தாறன் ராசா. தூரத்திலை பாத்தால் முடி மாதிரித்தான் மினுங்கும்."

யூலை 4

அமெரிக்காவின் சுதந்திர தினம். எங்கள் மத்தளக்காரர் வவுனியாவுக்கு மகள் வீட்டுக்குப் போன தினமும் இதுதான். பேரப்பிள்ளை பிறந்திருக்கிறதாம், பெருநாள் முடிந்துதான் வருவாராம். பிரெஞ்சுப் படைக்கும் ஆளில்லை. தீவில் இருக்கிற ஆண்களையெல்லாம் அமெரிக்கருக்கும் ஆங்கிலேயருக்கும் பங்கிட்டு முடிந்துவிட்டது.

வழி ஒன்றுதான். அக்கரையில், ஊர்காவற்துறைப் பக்கம் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை இருக்கிறார். அண்ணாவியார், மத்தளமும் அவர்தான், கூடவே ஆட்டக்காரரும் இருக்கிறார்கள். ஆனால் அவருக்கும் எங்கள் தீவுக்கும் கதை பேச்சில்லை. முன்பொருமுறை எங்கள் ஆட்கள் அவரிடம் வெல்வெட் உடுப்பும் முடிகளும் இரவல் வாங்கினார்கள். திருப்பிக் கொண்டுபோகிற வழியில் வள்ளத்துக்குள் அலை ஏறிவிட்டது. ராசா உடுப்பு உப்புப் பூத்துச் சாயம் போய்ச் சேர்ந்ததாம்.

போவதோ? போய் என்ன முகத்தோடு கேட்பது?

யூலை 6, ஞாயிறு

போனேன்.

பஸ்ரியாம்பிள்ளை அண்ணை இருங்கோ என்று கூடச் சொல்லவில்லை. "என்ன, உடுப்புக் கேட்டு வந்தனீரோ?"

"உடுப்பில்லை அண்ணை. படை கேட்டு வந்தனான்."

அது அவருக்குப் பிடித்துவிட்டது. மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்து போனது. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். முழுக் கதையும் சொன்னேன்.

"ஆர் அண்ணாவி?"

"நான்தான்."

"ஓ," என்றார். அந்த "ஓ" எந்தப் பக்கத்து "ஓ" என்று வள்ளத்தில் திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தேன்.

பிறகு அவர் கேட்டார். "பிரெஞ்சுக்காரன் ஏன் போனவன்? அமெரிக்காக்காரனிலை பாசமோ?"

"பாசமில்லை அண்ணை. இங்கிலாந்திலை கோவம். முந்தின சண்டையிலை அவையிட்டைத் தோத்தவை."

அப்போது அவருடைய ஊர்க் கோயில் பக்கமிருந்து ஒத்திகைச் சத்தம் கேட்டது. இந்த வருடம் அவர்களின் கூத்தைப் பட்டணத்திலிருந்து வந்த ஒரு இளம் அண்ணாவியாரிடம் கொடுத்துவிட்டார்களாம். இவரை ஒரு சொல் கேட்கவில்லையாம். அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவத்திலை போறதும் நல்ல காரணம்தான்," என்றார்.

நான் கடைசித் தூண்டிலையும் போட்டேன். அந்தச் சண்டை எங்கள் கடல் வரைக்கும் வந்தது, பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தன என்று சொன்னேன். மனிதர் எழும்பிவிட்டார். "என்ர அம்மா திருகோணமலை! முதலே சொல்லுறதுக்கென்ன?" வருகிற ஞாயிறு வருகிறாராம்.

"எமது நாடு" என்று எழுதின பிள்ளைக்கு அரைப் புள்ளியாவது போட்டிருக்கலாம்.

யூலை 13, ஞாயிறு

பிரெஞ்சுப் படை தரையிறங்கியது. இது சோளகக் காலம், தென்மேற்குக் காற்று சும்மா விடுமா? எல்லாரும் தலையிலிருந்து கால் வரை நனைந்து, மத்தளத்தை மட்டும் பொலித்தீனில் சுற்றிப் பிள்ளையைப் போல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிலோமினம்மா பனங்கிழங்கு மாவில் ஒடியற் கூழ் காய்ச்சி வைத்திருந்தா. நனைந்தவர்கள் குடித்த வேகத்தைப் பார்த்தால் பிரான்சில் சாப்பாடே கிடையாது போலிருந்தது.

பஸ்ரியாம்பிள்ளை அண்ணைதான் பிரெஞ்சுத் தளபதி றோசாம்போ; அவர் மேடையில் நிற்கிறபோது மத்தளம் அவருடைய ஆள் ஒருவரிடம். மத்தளத்தில் முதல் அடி விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் பாட்டு, என் சொல், அந்த மத்தளத்தில் ஏறி நின்றபோது – அம்மாடி. இந்த மனிதர் இல்லாமல் இந்தக் கூத்து இல்லை. அதை எழுதி வைக்கிறேன், பிறகு கோவம் வரும்போது வாசிக்க.

யூலை 20, ஞாயிறு

கோவம் வந்துவிட்டது.

றோசாம்போவின் வரவுப் பாட்டை நான் சின்னதாகத்தான் எழுதினேன். இன்று அது நீண்டு நீண்டு போகிறது. பிரான்சின் மலை, பிரான்சின் ஆறு, பிரான்சின் குதிரை. வோசிங்டன் மேடையில் நின்று கொட்டாவி விடுகிறான். திருகோணமலைச் சண்டையை யோக்டவுனுக்கு முன்னால் போட வேண்டுமாம்.

"அது அடுத்த வருசம் நடந்தது அண்ணை."

"கொஞ்சம் முந்தி நடந்தால் என்ன குறைஞ்சுபோகும்?"

கடைசியில் ஒருவழியாக, மங்களத்துக்கு முன் கட்டியகாரன் வந்து திருகோணமலைச் செய்தியைச் சொல்வது என்று தீர்த்தோம். எங்கள் பெடியன்களும் இப்போது என்னைப் பார்ப்பதில்லை. அடி பிழைத்தால் அவரைத்தான் பார்க்கிறார்கள். போகும்போது, "அண்ணாவியார், போட்டு வாறம்," என்று அவரிடம் சொன்னார்கள். எனக்கு, "ரீச்சர், பாய்."

யூலை 21

யூலை 13-ஐ எடுத்து வாசித்தேன். கோவம் குறையவில்லை.

யூலை 27, ஞாயிறு

இன்று வாள் காட்சி. ஆங்கில உதவித் தளபதி, கிளர்ச்சிக்காரரிடம் வாளைக் கொடுக்க வெட்கப்பட்டு, அதைப் பிரெஞ்சுத் தளபதியிடம் நீட்டுகிறார். பிரெஞ்சுத் தளபதி வாங்கவில்லை. "அங்கே" என்று வோசிங்டன் பக்கம் கையைக் காட்டுகிறார். சரித்திரத்தில் வோசிங்டனும் வாங்காமல் தன் உதவித் தளபதியைக் காட்டுகிறார், ஆனால் அந்த வேடத்துக்கு ஆளில்லாததால் அதை நான் வெட்டிவிட்டேன். இந்த முழுக் கூத்திலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான். உதவிக்கு வந்தவன், வெற்றி உன்னுடையது என்று ஒதுங்கி நிற்கிற இடம்.

நிசாந்தன் வாளை நீட்டினான். பஸ்ரியாம்பிள்ளை அண்ணை கையை இடுப்பில் வைத்தார்.

"நீட்டின வாளை வாங்காமல் நிக்கிறதோ? சனம் என்னைக் கோழை எண்டெல்லோ சொல்லும். நான் வாங்கி வோசிங்டனிட்டைக் குடுக்கிறன்."

"அப்பிடி நடக்கேல்லை அண்ணை."

"நீர் கண்டனீரோ?"

"நீங்கள் கண்டனீங்களோ?"

என் வாய் நிற்குமா? "உதவிக்கு வந்தவை உதவியோடை நிக்கோணும். வாளெடுக்க நிக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டேன். வாளைப் பற்றி மட்டும் சொன்னதாக யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

அவர் மத்தளத்தைப் பொலித்தீனில் சுற்றினார். படை வள்ளம் ஏறியது.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

வரவில்லை.

"உந்தச் சோளகத்துக்குள்ளை ஆர் வருவினம்?" என்கிறார் ஜோர்ஜ். நேற்றும் இதே காற்று. நேற்று மீன் வாங்குகிற வள்ளம் வந்தது, போனது. காற்றா, கோவமா? என்னுடைய வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும். மத்தளம் இல்லாமல் மிரோஜன் பெரிய தகரப் பேணியில் தட்டினான். வோசிங்டன் தகரப் பேணி தட்டுவதைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை.

ஓகஸ்ட் 5

பிரெஞ்சுக் கப்பல்கள் எப்போது வரும் என்று வோசிங்டனும் மாதக் கணக்கில் காத்துக் கிடந்தவர். இவ்வளவு காலமும் பாடமாகப் படிப்பித்தேன். இன்றைக்குத்தான் அந்த மனிதரில் இரக்கம் வந்தது.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

வந்துவிட்டார்கள்! இறங்குதுறைக்கு ஓடினேன், ரீச்சர் என்பதையும் மறந்து.

"எஞ்சின் பழுது," என்றார் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சரி, எஞ்சின் பழுதுதான். எனக்கும் அதுதான் வசதி. கூழ் கொடுத்தோம்.

வாள் காட்சியில் நிசாந்தன் வாளை நீட்ட, அவர் வாங்கவுமில்லை, கையைக் காட்டவுமில்லை. மூக்கைச் சொறிந்தார்.

"அண்ணை, பெருநாளண்டைக்கு என்ன செய்யப்போறியள்?"

"அண்டைக்குப் பாப்பம்."

ஓகஸ்ட் 16, சனி

நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இறங்குதுறையில், கோயில் மதிலில், சங்கக் கடையில். பெரிய எழுத்தில்: அண்ணாவியார்: கலைஞர் பஸ்ரியாம்பிள்ளை. கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில்: உதவி: திருமதி ஜெனீற்றா ஜோர்ஜ்.

உதவியாம்! நானாம் உதவி! ஆற்றை கூத்துக்கு ஆர் உதவி? சோறு கருக எழுதினது ஆர்? சுண்டெலிக்கு வாள் பிடிக்கப் பழக்கினது ஆர்? தலைவரிட்டைக் கேட்டன். "சனத்துக்குத் தெரிஞ்ச பேர் வேணும் ரீச்சர், அக்கரையாலையும் ஆக்கள் வரவேணுமெல்லோ," எண்டு சிரிக்கிறார். அவருக்குச் சிரிப்பு வருது. எனக்கு அழுகை வந்தது. வீட்டை வந்து அழுதன். பேந்து முகம் கழுவி மீன் வெட்டினன். மீனுக்குப் பாவம்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

கடைசி ஒத்திகை. பஸ்ரியாம்பிள்ளை அண்ணை இறங்கி வந்து நோட்டீசின் முன் நின்றார். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். மீசையைத் தடவினார். ஒரு சொல் சொல்லவில்லை, நடந்துபோனார். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இது பிழை" என்று சொன்னால் வாய் தேய்ந்துபோகுமா?

வீட்டில் ஜோர்ஜிடம், "நான் நிக்கமாட்டன். அவரே நிண்டு பாடட்டும்," என்றேன்.

ஜோர்ஜ் வலையை ஒதுக்கி வைத்தார். "நீர் விட்டிட்டால், நான் இவ்வளவு நாளும் வயித்துக்குத்தெண்டு உருண்டு பிரண்டதுக்கு என்ன மரியாதை?"

சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனிதரோடு கோவத்தைப் பத்திரமாக வைத்திருக்க ஏலாது. சரி. தாளம் போடுவேன். என் கூத்தை நானே குழப்ப மாட்டேன்.

ஓகஸ்ட் 19

சங்கக் கடைச் சுவரில் இருந்த நோட்டீசை பிலோமினம்மாவின் ஆடு தின்றுவிட்டது. அந்த ஆட்டுக்கு இன்று முருங்கை இலை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஓகஸ்ட் 23, சனி

காற்று இறங்கியிருக்கிறது. அக்கரை வள்ளங்கள் வரத் தொடங்கிவிட்டன. சேலை கட்டியாகிவிட்டது. போகிறேன்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும், ஒன்றும் விடாமல்.

நாலு மணி வெயிலில் கூத்து. சனம் வேலி வரைக்கும். மேடைக்குப் பின்னால் ஆட்டக்காரர் வரிசையாக வந்து பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் காலைத் தொட்டார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தாளக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். ஆனால் மத்தளம் தொடங்கியதும் எல்லாம் பறந்துவிட்டது.

மிரோஜன் கண்ணாடித் தொப்பியோடு வந்தபோது வெயில் பட்டு முன்வரிசைக்காரர் எல்லாரும் கண்ணைப் பொத்தினார்கள். "வாசல் அடைத்தோமே" வந்தபோது நாங்கள் பாடவே தேவையிருக்கவில்லை, சனம் பாடியது. ஜோர்ஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்ட உருளலில் கட்டில் கால் ஒன்று கழன்று விழுந்தது. உண்மையிலேயே வருத்தமோ என்று ஒரு அம்மா சோடாப் போத்தலோடு மேடைக்கு வந்துவிட்டா. அந்த மனிதர், கோண்வாலிஸ் உடுப்போடு, வாங்கிக் குடித்தார்!

பிறகு வாள்.

நிசாந்தன் தலையைக் குனிந்து வந்தான். வாளை இரண்டு கையாலும் பிரெஞ்சுத் தளபதியிடம் நீட்டினான். பஸ்ரியாம்பிள்ளை அண்ணை நின்றார். நான் தாளத்தை நிறுத்திவிட்டேன். கையைக் காட்டுங்கோ அண்ணை, காட்டுங்கோ – மனதுக்குள் கத்துகிறேன்.

வாங்கிவிட்டார்.

பாவி மனிதா! என்று எனக்கு வாயில் வந்துவிட்டது. சனம் கைதட்டுகிறது, அதுகளுக்கு என்ன தெரியும்? மிரோஜன் வோசிங்டன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தான். அவர் மிரோஜனைப் பார்க்கவேயில்லை. அவனைத் தாண்டினார். கட்டியகாரனைத் தாண்டினார். மேடை ஓரத்தில் தாளத்தோடு நின்ற எனக்கு முன்னால் வந்து நின்றார். வாள் என் கையில்.

"நீர் எழுதினபடி பாத்தால் நான் இதை வாங்கக் கூடாது, ரீச்சர். எனக்குத் தெரியும். வாங்காமல் உம்மட்டை என்னெண்டு தாறது?"

பிறகு சனத்தைத் திரும்பிப் பார்த்துக் கூத்துக் குரலில் சொன்னார். "நோட்டீசிலை பிழை. நாங்கள் உதவிக்கு வந்த படை. அண்ணாவியார் இவதான்."

முதலில் கேட்டது மிரோஜனின் குரல்: "அப்ப எனக்கு?"

சனம் சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும். தலைவர் மாலையோடு மேடையில் ஒரு கால், படியில் ஒரு காலாக நின்றார், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல். பிலோமினம்மா அவர் கையிலிருந்து மாலையைப் பறித்துக்கொண்டு வந்து என் கழுத்தில் போட்டுவிட்டு, "கெதியாப் பாடு பிள்ளை, இருட்டப்போகுது, சுவாமி மணியைப் பாக்கிறார்," என்றா. திருகோணமலைச் செய்தி சொல்ல வேண்டிய கட்டியகாரன் அழுதுகொண்டு நின்றான், அதை ஒருவரும் சொல்லவில்லை. அண்ணைக்கே அது நினைவில்லை. நான் வாளையும் தாளத்தையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு மங்களம் பாடினேன். குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும். மத்தளம் தாங்கிப் பிடித்தது.

வள்ளம் ஏறும்போது கேட்டேன். "அண்ணை, அண்டைக்கு நோட்டீசைப் பாத்திட்டு ஏன் பேசாமல் போனனீங்கள்?"

"பேரைப் பெரிய எழுத்திலை கண்டவுடனை சந்தோசமாத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டன்." மத்தளத்தை வள்ளத்தில் ஏற்றி வைத்துவிட்டு, "எங்கட ஊரிலை என்ர பேரை எடுத்தது ஞாபகம் வந்தது. அண்டைக்கு நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். உம்மை அப்பிடி இருத்த ஏலாது," என்றார்.

சரித்திரம் முழுக்கப் பிழை. றோசாம்போ வாளை வாங்கவேயில்லை. நாளைக்குப் பிள்ளைகளுக்கு நான் என்ன படிப்பிப்பது? ஆனாலும் எழுதுகிறேன். இவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததேயில்லை.

ஓகஸ்ட் 26

கடையில் ஜோர்ஜை, "என்ன வயித்துக்குத்தார், சுகமோ?" என்று கேட்கிறார்கள். ஒட்டிவிட்டது. பெருமையாகத்தான் சிரிக்கிறார்.

செப்ரெம்பர் 15

தாள் திருத்தினேன். பிரான்ஸ், பிரான்ஸ், பிரான்ஸ், எல்லாரும் பிரான்ஸ்! அடுத்த கேள்வி: "யோக்டவுனில் நீட்டப்பட்ட வாளைப் பற்றிச் சிறுகுறிப்பு எழுதுக." முன்பு "எமது நாடு" என்று எழுதினவன் எழுதியிருக்கிறான்: "பிரெஞ்சுத் தளபதி அதனை வாங்கி ஜெனீற்றா ரீச்சரிடம் கையளித்தார்."

பிழைதான். சிவப்புப் பேனையைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். பிழை போட்டேன். பிறகு பக்கத்தில், "வகுப்பில் வந்து என்னைச் சந்திக்கவும், தோடம்பழ இனிப்பு உண்டு," என்று எழுதினேன்.

செப்ரெம்பர் 21

பஸ்ரியாம்பிள்ளை அண்ணையிடமிருந்து போன். பட்டணத்து இளம் அண்ணாவியார் கனடாவுக்குப் பறந்துவிட்டாராம். கூத்து திரும்ப இவர் கையில். "ரீச்சர், தாளத்துக்கு ஆளில்லை, பின்பாட்டுக்கு ஆளில்லை. படை வேணும்."

"உடுப்பு இரவல் தருவியளோ?"

"உயிர் போனாலும் தரமாட்டன்!"

செப்ரெம்பர் 28, ஞாயிறு

அக்கரைக்குப் போனோம். சோளகம் போகிற போக்கில் கடைசி ஆட்டம் ஆடுகிறது. ஜோர்ஜ், மிரோஜன், நிசாந்தன், நான், எல்லாரும் ஒரே வள்ளத்தில். தாளத்தைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். நடுக்கடலில் ஒரு அலை வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தைத் தாண்டி உள்ளே விழுந்தது.

வள்ளம் ஓட்டினவர் வேறு யாருமில்லை, சபைத் தலைவர். கையில் சுக்கான், கண் கடலில், என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அண்ணாவியார், காலைத் தூக்குங்கோ, தண்ணி வருது," என்றார்.

தூக்கினேன்.